வீதக் கணக்கை விட்டு வெட்டுப்புள்ளியைப் பாருங்கள்

கேள்வி: நாங்கள் கொட்டாஞ்சேனையில் இருக்கிறோம். மகள் உயிரியல் பிரிவில் முதல் தடவையாக உயர்தரம் எழுதினாள். இரண்டு பி, ஒரு சி. இசட் புள்ளி 1.4ஐ ஒட்டி வந்திருக்கிறது. கம்பசுக்கு விண்ணப்பம் போட வேண்டும். வருடாவருடம் விண்ணப்பங்கள் கூடுகின்றன என்கிறார்கள், எடுக்கிற வீதமும் கூடியிருக்கிறது என்கிறார்கள். அப்படியானால் இவளுக்கு வாய்ப்புக் கூடுமா, குறையுமா? கலிபோர்னியாவில் இருக்கும் என் அண்ணா, அங்கேயும் அரச பல்கலைக்கழகங்களில் விண்ணப்பமும் கூடி அனுமதியும் கூடியிருக்கிறது, பிள்ளையை இங்கே அனுப்பு என்கிறார். கணவர், நிச்சயம் கிடைக்கக்கூடியதை விண்ணப்பத்தில் முதலாவதாகப் போடு என்கிறார். தெரிந்த ஒருவர் எங்கள் வவுனியா முகவரியைக் கொடுத்தால் சுலபம் என்கிறார். மகளைக் கேட்டால் லாப் வேலைதான் பிடிக்கும் என்கிறாள். அதில் என்ன எதிர்காலம் இருக்கிறதோ தெரியவில்லை. கொழும்புப் பல்கலைக்கழகம் கிடைக்க நூற்றுக்கு எத்தனை வீதம் வாய்ப்பு என்று சொல்வீர்களா? – ஒரு தாய், கொழும்பு 13

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் ஐந்து பேரின் குரல் கேட்கிறது. மகளுக்கு அதில் ஒரேயொரு வரிதான். அந்த வரிக்குக் கடைசியில் வருகிறேன், அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. முதலில் கணக்கைப் பார்ப்போம்.

இந்த நாட்டில் ஒரு பிள்ளையின் பல்கலைக்கழக அனுமதி வீதத்தால் தீர்மானமாவதில்லை. அந்தப் பிள்ளையின் மாவட்டத்தில், அது கேட்கும் பாடநெறிக்கு, அந்த வருடம் கடைசியாக உள்ளே போனவரின் இசட் புள்ளி (மற்றவர்களோடு ஒப்பிட்டுக் கணிக்கும் புள்ளி, கீழே விளக்குகிறேன்) எதுவோ அதுதான் தீர்மானிக்கிறது. அதைத்தான் வெட்டுப்புள்ளி என்கிறோம். மகளின் புள்ளி அதற்கு மேலே இருந்தால் இடம் உண்டு, கீழே இருந்தால் இல்லை. நடுவில் நாற்பது வீதம், அறுபது வீதம் என்று எதுவும் கிடையாது.

2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்றது நினைவிருக்கும். நமக்குப் பின்னால் இருநூறு வாகனம் நின்றால் என்ன, அறுநூறு நின்றால் என்ன? முன்னால் எத்தனை வாகனம், பவுசரில் எவ்வளவு வந்தது, இந்த இரண்டையும்தான் விசாரித்தோம். பல்கலைக்கழக விண்ணப்பமும் அப்படித்தான். ஐயாயிரம் விண்ணப்பம் கூடியது என்றால், அந்த ஐயாயிரம் பேரில் உங்கள் மகளின் பிரிவில், அவளுடைய மாவட்டத்தில், அவளுக்கு மேலே எத்தனை பேர் என்று பார்க்க வேண்டும். பெரும்பாலானோர் வேறு பிரிவாக இருப்பார்கள், அல்லது கீழே நிற்பார்கள். அவர்களால் அவளுடைய இடம் அசையாது.

எடுக்கிற வீதம் கூடியது என்கிறார்களே, அதையும் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். 2023 உயர்தரப் பரீட்சைக்கு உண்மையில் தோற்றியவர்கள் 269,613 பேர். பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கத் தகுதி பெற்றவர்கள் 173,444 பேர். இடங்களைச் சுமாராக 40 ஆயிரம் என்று வைத்துக்கொள்வோம். தோற்றியவர்களால் பிரித்தால் நூற்றுக்கு 15 பேர் உள்ளே போகிறார்கள். தகுதி பெற்றவர்களால் பிரித்தால் 23 பேர். தகுதி பெற்ற எல்லோரும் விண்ணப்பிப்பதுமில்லை. ஆகவே விண்ணப்பித்தவர்களால் பிரித்தால் அந்த எண் இன்னும் மேலே போய்விடும். இடங்கள் அதே 40 ஆயிரம்தான். ஒருவர் ஒரு வருடம் ஒரு எண்ணால் பிரித்து, அடுத்த வருடம் வேறொன்றால் பிரித்தால், ஒரு கதிரைகூடப் புதிதாகப் போடாமலே வீதம் கூடிவிடும்.

உண்மையாகவே இடங்கள் கூடித்தான் இருக்கின்றன, அதை மறுக்கவில்லை. 2013இல் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு வந்தது, பின்னர் அதற்கென்று பல பல்கலைக்கழகங்களில் பீடங்கள் வந்தன. சப்ரகமுவ, வயம்ப, மொரட்டுவை என்று மருத்துவ பீடங்களின் எண்ணிக்கை கூடியது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக இருந்த வவுனியா 2021இல் தனிப் பல்கலைக்கழகமானது. இவையெல்லாம் சேர்ந்துதான் நாட்டின் மொத்த வீதத்தை உயர்த்துகின்றன. ஆனால் தொழில்நுட்பப் பிரிவில் கூடிய இடத்தில் உயிரியல் படித்த பிள்ளை போய் அமர முடியாது. வேறு பல்கலைக்கழகத்தில் கூடிய இடம் கொழும்பு மருத்துவ பீடத்தின் கதவை அகலமாக்காது. மொத்த வீதம் அமைச்சுக்கும் பத்திரிகைக்கும் உபயோகமான எண். உங்கள் வீட்டு மேசையில் அதற்கு வேலையில்லை.

இசட் புள்ளி பற்றியும் இரண்டு வார்த்தை. பிள்ளைகளுக்குக் கிடைப்பது தரம்தான், மூலப் புள்ளி அல்ல. அதனால் பல பெற்றோருக்கு இது மந்திரம் போலத் தெரிகிறது. மந்திரமில்லை. ஒரு பாடத்தில் பிள்ளை எடுத்த புள்ளியிலிருந்து, நாடு முழுவதும் அந்தப் பாடத்தை எழுதியவர்களின் சராசரியைக் கழித்து, அதை நியம விலகலால் பிரிக்கிறார்கள். மூன்று பாடத்துக்கும் அப்படிச் செய்து சராசரி எடுக்கிறார்கள். உதாரணத்துக்கு, ஒரு பிள்ளைக்கு 66, நாட்டுச் சராசரி 48, நியம விலகல் 15 என்றால் இசட் 1.2. அதே 66, அதே 15, ஆனால் வினாத்தாள் கடினமாக இருந்து சராசரி 45க்கு இறங்கினால் இசட் 1.4. பிள்ளை ஒரு புள்ளிகூடக் கூட எடுக்கவில்லை, அதன் இடம்தான் மாறியது. இசட் புள்ளி என்பது தொடக்கத்திலிருந்தே மற்றவர்களோடு ஒப்பிட்டு எடுத்த எண். எழுதியவர்களின் சராசரியும் நியம விலகலும் அதற்குள் ஏற்கெனவே கணக்கில் வந்துவிட்டன. "கூட்டம் கூடிவிட்டதே" என்று பயப்படுவதை விட, வெட்டுப்புள்ளி எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

அண்ணா சொன்ன விஷயம். அவர் சொல்வது பொய்யல்ல, ஆனால் அதே கண்ணாடியால்தான் அவரும் பார்க்கிறார். கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு இளமாணி மாணவர்களை எடுக்கும் வளாகங்கள் ஒன்பது. ஒரே விண்ணப்பப் படிவத்தில் எத்தனை வளாகத்துக்கும் அடையாளம் போடலாம், வளாகத்துக்கு ஒரு கட்டணம். 2020இல், அமெரிக்காவில் பல்கலைக்கழக நுழைவுக்கு எழுதும் எஸ்.ஏ.டி. பரீட்சைப் புள்ளி தேவையில்லை என்று அவர்கள் முடிவெடுத்த பிறகு விண்ணப்பங்கள் பெருகின. 2023இல் லொஸ் ஏஞ்சலிஸ் வளாகத்துக்கு மட்டும் ஒரு இலட்சத்து 45 ஆயிரத்துக்கு மேற்பட்ட முதலாம் வருட விண்ணப்பங்கள்; எடுத்தது நூற்றுக்கு ஒன்பது பேருக்கும் குறைவு. அதே பல்கலைக்கழகத்தின் மெர்செட் வளாகம் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அளவுக்கு அனுமதி கொடுக்கிறது. அப்படியிருக்க, பல்கலைக்கழகத்தின் மொத்த அனுமதி வீதம் என்று ஒன்றைச் சொன்னால் யாருக்கு என்ன விளங்கும்? தவிர, வெளிநாட்டுப் பிள்ளை என்றால் வழமையான கட்டணத்துக்கு மேல் வருடத்துக்கு 30 ஆயிரம் டொலருக்கும் அதிகமாகக் கூடுதல் கட்டணம் இருக்கிறது. அண்ணாவின் அன்பு பெரியது. அதற்கு நன்றி சொல்லிவிட்டு, இந்தக் கட்டணத்தை யார் கட்டுவது என்பதை முதலில் பேசிக்கொள்ளுங்கள்.

வவுனியா முகவரிக்கு வருகிறேன். இந்த யோசனையை ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு தாய்க்குச் சொல்லிவிடுகிறார்கள், அது எனக்கு மனவருத்தமாக இருக்கிறது. பிள்ளையின் மாவட்டம் இன்று நீங்கள் எழுதும் முகவரியால் தீர்மானமாவதில்லை. உயர்தரத்துக்கு முந்திய மூன்று வருடமும் எந்த மாவட்டப் பாடசாலையில் படித்தாள் என்பதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். கொழும்பில் படித்த பிள்ளை கொழும்பு மாவட்டம்தான். பொய்த் தகவல் கொடுத்து, அது பிறகு வெளியே வந்தால், கிடைத்த இடமும் போய்விடும். அந்தச் சுமையைப் பத்தொன்பது வயதுப் பிள்ளையின் தலையில் ஏற்றாதீர்கள்.

எங்கள் வீடுகளில் இந்தப் பேச்சு ஏன் இவ்வளவு சீக்கிரம் எழுகிறது என்பது எனக்கு விளங்காமலில்லை. எழுபதுகளின் தரப்படுத்தலை, அதாவது தமிழ்மொழி மூலப் பிள்ளைகள் பல்கலைக்கழகம் போகக் கூடுதல் புள்ளி எடுக்க வேண்டியிருந்த முறையைச் சந்தித்த தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. என் பெரியப்பா கடைசிவரை அந்த வருடத்து வெட்டுப்புள்ளியை மனப்பாடமாகச் சொல்வார். அந்தக் காயத்தோடு வளர்ந்த வீடுகளில் எண் என்றாலே சந்தேகம் வரும். அதனால்தான் இன்றைய முறையை ஒளிவுமறைவில்லாமல் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்கிறேன். பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீதமான இடம் நாடளாவிய திறமை அடிப்படையில். 55 வீதம் மாவட்டங்களுக்கு, சனத்தொகைக்கு ஏற்ப. மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கியதாக அடையாளப்படுத்திய 16 மாவட்டங்களுக்கு. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை, நுவரெலியா எல்லாம் அந்தப் பதினாறில் அடங்கும். கொழும்பு அடங்காது. கொழும்புப் பிள்ளைக்கு வெட்டுப்புள்ளி உயர்வாக இருப்பதற்கு இது ஒரு காரணம். இங்கே நல்ல பாடசாலைகளும் டியூஷன் வகுப்புகளும் நெருக்கமாக இருப்பது இன்னொன்று.

சரி, இப்போது விண்ணப்பப் படிவம். நான் உங்களிடம் ஒரு விஷயத்தில்தான் பிடிவாதம் பிடிக்கப் போகிறேன் என்றால் அது இந்த இடம்தான்.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் ஒவ்வொரு பாடநெறிக்கும், அது நடக்கும் பல்கலைக்கழகத்துக்கும் சேர்த்து ஒரு யுனி-கோட் இருக்கிறது. அந்தக் குறியீடுகளை விருப்ப வரிசையில் எழுத வேண்டும். கணவர் சொல்வது போல நிச்சயம் கிடைப்பதை முதலாவதாகப் போட்டால் என்ன நடக்கும்? அது கிடைக்கும். கிடைத்ததும் கதை முடிந்துவிடும். அதற்குக் கீழே எழுதியவற்றில் மகளின் புள்ளிக்கு எட்டக்கூடிய, அவள் அதிகம் விரும்பிய ஒன்று இருந்தாலும் அதை எவரும் எடுத்துப் பார்க்கப் போவதில்லை. மறுபக்கம், எட்டாத ஒன்றை முதலாவதாகப் போட்டால் என்ன நட்டம்? ஒன்றுமில்லை. அது கிடைக்காவிட்டால் அடுத்ததைப் பார்ப்பார்கள். இரண்டாவதாகப் போட்டதற்காக அந்த இடத்தில் புள்ளி குறைப்பதில்லை, அங்கேயும் புள்ளி வரிசைதான் பேசும். ஆகவே ஆசைப்படுவதை ஆசைப்படுகிற வரிசையிலேயே எழுதுவதுதான் புத்திசாலித்தனம். பயத்தில் எழுதுகிற வரிசையால் இலாபம் எதுவும் இல்லை.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு பையன் என்னிடம் வந்தான். விண்ணப்பத்தை அனுப்பி, வெட்டுப்புள்ளியும் வந்த பிறகு வந்தான். கையில் வெட்டுப்புள்ளி அட்டவணையின் பிரதி, நாலாக மடித்து, மடிப்பு கிழியத் தொடங்கியிருந்தது. கொழும்பு மாவட்ட வரியின் கீழே அடிமட்டம் வைத்து பென்சிலால் கோடு போட்டிருந்தான். அவன் உண்மையில் விரும்பிய பாடநெறியின் பெட்டியில் இருந்த எண், அவனுடைய புள்ளியை விடக் குறைவு. விண்ணப்பத்தில் அதை ஒன்பதாவதாகப் போட்டிருந்தான். நிச்சயமானதை முன்னால் போடச் சொல்லி வீட்டில் ஒருவர் சொல்லியிருக்கிறார். கிடைத்தது நான்காவது. அவன் அழவில்லை. "சேர், இந்த எண் சரிதானே?" என்று மட்டும் கேட்டான். சரிதான் என்று சொல்வதைத் தவிர எனக்கு வேறு வழியிருக்கவில்லை. அந்த பென்சில் கோடு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. உங்கள் வீட்டில் அப்படி ஒரு கோடு விழக்கூடாது.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு எழுதச் சொல்லவில்லை. கொழும்பு மாவட்டத்திலிருந்து கொழும்பு மருத்துவ பீடத்துக்குப் போக 2க்கு மேல் புள்ளி வேண்டும், அது பல வருடமாக அப்படித்தான். 1.4ஓடு இந்தத் தடவை அது நடக்காது. அதை மகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள், அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். ஆசைப்படுவதைப் பட்டியலின் மேலே எழுதுவதில் தவறில்லை, ஆனால் கீழே எழுதுகிறவற்றிலும் அதேயளவு கவனம் இருக்க வேண்டும். கடந்த மூன்று வருட வெட்டுப்புள்ளி அட்டவணைகளை எடுத்து, கொழும்பு மாவட்ட வரியை மட்டும் பாருங்கள். ஒரு வருடத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம், புள்ளி ஏறி இறங்கும். அவள் போகவே மாட்டாள் என்கிற பாடநெறியை இடம் நிரப்ப எழுத வேண்டாம். அப்புறம், வெட்டுப்புள்ளி வெளியானதோடு எல்லாம் முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். தெரிவான சிலர் பதிவு செய்வதில்லை, அந்த வெற்றிடங்களுக்கு அடுத்த நிலையில் இருப்பவர்களைக் கூப்பிடுவார்கள். பட்டியலில் இல்லாத பாடநெறிக்கு எவரும் கூப்பிட மாட்டார்கள், அதனால்தான் பட்டியல் நீளமாக இருப்பது நல்லது.

இனி மகள் சொன்ன லாப். நீங்கள் அதை ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். ஆனால் உயிரியல் படித்த ஒரு பிள்ளை லாப் வேலை பிடிக்கும் என்று வாய்விட்டுச் சொல்வது எனக்குப் பெரிய தகவல். இருபது வருடம் இரசாயனவியல் படிப்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பெரும்பாலான பிள்ளைகளுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டால் "டொக்டர்" என்ற சொல்லைத் தாண்டிப் பதில் வராது.

மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் என்ற பட்டப்படிப்பு பேராதனை, ஸ்ரீ ஜயவர்தனபுர, ருகுண, யாழ்ப்பாணம் ஆகிய பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. உங்கள் பட்டியலைக் கொழும்பு என்ற ஒரே பெயரோடு நிறுத்தினால் இவை கண்ணிலேயே படாது. ஸ்ரீ ஜயவர்தனபுர இருப்பது நுகேகொடைப் பக்கம் கங்கொடவிலவில், உங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரம். கொழும்பு விஞ்ஞான பீடத்தில் உயிரியல் விஞ்ஞானமும், உயிர்இரசாயனவியலும் மூலக்கூற்று உயிரியலும் என்ற பாடநெறியும் உண்டு. இரண்டிலும் லாப் வேலை நிறைய. மருந்தகவியல், தாதியியல், பேராதனையிலும் கிளிநொச்சியிலும் வந்தாறுமூலையிலும் உள்ள விவசாயம், யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் உள்ள சித்த மருத்துவம் என்று உயிரியல் பிரிவின் கதவுகள் நிறைய. எதில் 1.4 போதும், எதில் போதாது என்பதை அந்த மூன்று அட்டவணைகளும் காட்டும்.

எதிர்காலம் என்ன என்று கேட்டீர்கள். உங்கள் குடும்பத்தில் யாருக்காவது டெங்கு வந்திருக்கும். தினமும் காலையில் பிளேட்லெட் எண்ணிக்கை வரும்வரை வாட்டில் எல்லோரும் காத்திருந்திருப்பீர்கள். அந்தக் கடதாசியில் இருக்கும் எண்ணுக்குப் பொறுப்பாக நிற்பவர் ஒரு ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளர். டொக்டர் முடிவெடுக்கும்போது அந்த எண்ணையும் பார்க்கிறார். ஒரு நாள் மகளைக் கூட்டிக்கொண்டு போய், அந்த வேலையில் இருக்கும் ஒருவரோடு அரை மணித்தியாலம் பேச விடுங்கள். நீங்கள் வெளியே இருங்கள்.

இரண்டாம் ஷை, அதாவது இரண்டாவது தடவை, எழுதலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் அடுத்த வாரம் கேட்பீர்கள். பல்கலைக்கழகத்துக்கு மூன்று தடவை வரை முயலலாம். மருத்துவம்தான் வேண்டும் என்று அவளே சொன்னால், இன்னொரு தடவை எழுதுவதில் தவறில்லை. நீங்கள் சொல்வதற்காக எழுதுவதென்றால் வேண்டாம். அப்படி எழுதிய பிள்ளைகளில் புள்ளி குறைந்து வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒன்று மட்டும் கவனம்: இந்த வருடம் கிடைக்கும் பாடநெறிக்குப் பதிவு செய்த பிறகு, அடுத்த பெறுபேற்றைக் கொண்டு வேறொன்றுக்கு விண்ணப்பிக்க முடியுமா என்பதைப் பற்றிய விதி கைநூலில் இருக்கிறது. பதிவு செய்யும் முன்பு அதை வரி வரியாக வாசியுங்கள்.

தனியார் நிறுவனம் பற்றி அவசரப்பட வேண்டாம். பார்ப்பதென்றால், பட்டத்துக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்பதை ஆணைக்குழுவிலோ உயர்கல்விக்குப் பொறுப்பான அமைச்சிலோ நீங்களே விசாரியுங்கள், விளம்பரத்தை நம்பி முற்பணம் கட்டாதீர்கள். நாவலையில் இருக்கும் திறந்த பல்கலைக்கழகம் அரச பல்கலைக்கழகம்தான். அதற்கு விண்ணப்பம் தனியாகப் போட வேண்டும். அதையும் மனதில் வைத்திருங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு கைநூலையும் அட்டவணைகளையும் விரியுங்கள். பென்சிலை மகளின் கையில் கொடுங்கள். முதல் பத்துக் குறியீடுகளை எவரும் வாய் திறக்காமல் அவளே எழுதட்டும், கணவரும் கூட இருக்கட்டும். அதற்குப் பிறகு உங்கள் கேள்விகளைக் கேளுங்கள். அவள் எழுதிய வரிசையை அப்படியே எனக்கு அனுப்பிவையுங்கள், இறுதித் திகதிக்கு ஒரு கிழமைக்கு முன்னதாக. ஒவ்வொரு குறியீட்டையும் பார்த்துப் பதில் எழுதுகிறேன்.